முதலாம் வருடமே இறுதி வருடமாகும் விருது

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தில் மிகச் சிறந்து விளங்கும் முதலாம் வருட மாணவருக்கு ஆண்டுதோறும் வேமன் டிஸ்டேல் விருது வழங்கப்பட்டு வருகின்றது. அந்நாட்டுக் கூடைப்பந்தாட்ட எழுத்தாளர் சங்கம் வழங்கும் இவ்விருது, இளம் வீரர் ஒருவரின் பல்கலைக்கழக வாழ்வின் தொடக்கத்தைப் பாராட்டும் நோக்கம் கொண்டது. ஆனால், இன்று அது பெரும்பாலும் பிரியாவிடைப் பரிசாகவே அமைந்து விடுகின்றது. விருது பெற்றவர் அடுத்த கல்வியாண்டில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருப்பதில்லை. இந்த முரண்பாடு எவ்வாறு ஏற்பட்டது என்பதை வாசகர்களுக்கு விளக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

முதலாம் வருட மாணவர்கள் பிரதான அணியில் விளையாடுவதற்கே அனுமதிக்கப்படாத காலமொன்று இருந்தது. முதலில் படிப்பு, பின்னர் பந்து என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயமாகும். பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி கரீம் அப்துல் ஜபார் என உலகப் புகழ் பெற்றவர், 1965இல் லூ அல்சிண்டோர் என்ற பெயருடன் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரது முதலாம் வருட மாணவர் அணி, தேசிய சம்பியனாக விளங்கிய அதே பல்கலைக்கழகத்தின் பிரதான அணியை 75-60 என்ற புள்ளிகளில் தோற்கடித்தது. ஆயினும், பிரதான அணியில் இடம்பெற அவர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1972-73 பருவகாலத்திலேயே இந்தத் தடை நீங்கியது.

அவ்வாறு திறந்த கதவின் வழியே வந்தவர்களுள் ஒருவரே ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டிஸ்டேல். முதலாம், இரண்டாம், மூன்றாம் வருடங்கள் மூன்றிலும் அசோசியேட்டட் பிரஸ்ஸின் அகில அமெரிக்க முதல்நிலை அணிக்குத் தெரிவான முதலாவது வீரர் அவரே. 1984இல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். தொழில்முறை ஆட்டத்தில் 12 பருவகாலங்கள் நிலைத்தார். பேஸ் கிட்டார் கலைஞராக ஜாஸ் இசைத்தட்டுகளையும் வெளியிட்டார். என்பு புற்றுநோயினால் 2008இல் ஒரு காலை இழந்த அவர், 2009 மே மாதம் தமது 44ஆவது வயதில் காலமானார். அதன் பின்னரே விருது அவரது பெயரைத் தாங்கியது. மூன்று வருடங்கள் பல்கலைக்கழகத்தில் ஆடியவரின் பெயரிலான விருதை, ஒரே வருடத்தில் வெளியேறுவோர் பெற்றுச் செல்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கான காரணம் வீரர்களின் பேராசை என்று கூறுவோர் உளர். அது நியாயமான குற்றச்சாட்டன்று. கோபி பிரையன்ட் 1996இலும் லெப்ரோன் ஜேம்ஸ் 2003இலும் பாடசாலையிலிருந்து நேரடியாகவே என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைச் சங்கத்தில் இணைந்தனர். 2005இல் செய்யப்பட்ட ஒப்பந்தமே, 19 வயதை எட்டவேண்டும் என்றும் அமெரிக்க வீரராயின் பாடசாலைக் கல்வி முடிந்து ஒரு வருடம் கழிய வேண்டும் என்றும் விதித்தது. அந்த ஒரு வருடத்தைக் கழிக்கும் இடமாகப் பல்கலைக்கழகம் மாறியது. இளைஞரின் நலன் கருதிய விதியென்று கூறப்பட்டாலும், தொழில்முறைக் கழகங்களுக்கு அது செலவற்ற பரீட்சைக் களமாகவே பயன்பட்டது. 2007இல் கெவின் டுரன்ட், 2012இல் அன்டனி டேவிஸ், 2019இல் சயோன் வில்லியம்சன் என விருதாளர்கள் ஒரு வருடத்துடன் விடைபெற்றனர்.

வில்லியம்சனின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2019 பெப்ரவரியில் நோர்த் கரோலினாவுடனான போட்டி ஆரம்பித்து ஒரு நிமிடம் கழிவதற்குள் அவரது காலணி கிழிந்து, முழங்கால் சுளுக்கிக் கொண்டது. அரங்கம் நிறைந்திருந்தது; தொலைக்காட்சி வருமானம் குவிந்தது; ஆடியவருக்கோ புலமைப்பரிசிலுக்கு அப்பால் சம்பளம் எதுவும் இல்லை. அந்தக் கால் மீளாதிருந்தால் இழப்பு எவருடையது என்ற வினா அன்று நாடெங்கும் எழுந்தது.

தங்கியிருந்தவரின் கதையும் உண்டு. 2011இல் விருது பெற்ற ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாரட் சலிஞ்சர், முன்வரிசைத் தெரிவு எதிர்பார்க்கப்பட்டிருந்த நிலையிலும் இரண்டாம் வருடத்திற்குத் திரும்பினார். அணி 2012இல் தேசிய அரையிறுதி வரை சென்றது. ஆனால், அவரது முதுகு குறித்து எழுந்த சந்தேகங்களால் அவ்வருடத் தெரிவில் 21ஆவது இடத்திற்குத் தள்ளப்பட்டார். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தமைக்கு அவர் செலுத்திய விலை சிறியதன்று.

பெண்கள் பிரிவில் நிலைமை வேறாக அமைந்தது. அவ்விருது டமிக்கா கெட்சிங்ஸின் பெயரைக் கொண்டது. செவிப்புலன் குறைபாட்டுடன் பிறந்த அவர், முதலாம் வருட மாணவியாக 1998இல் டென்னசி அணியின் 39 தொடர் வெற்றிகளில் பங்கேற்றவர். பெண்கள் தொழில்முறைச் சங்கம் 22 வயதை எல்லையாக வைத்திருந்தமையால், விருது பெற்ற மாணவியர் பட்டப்படிப்பைத் தொடர்வதே வழமையாயிற்று. தொழில்முறை ஊதியம் குறைவாக இருந்தமை, அங்கு விரைந்து செல்லும் ஆவலையும் தணித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பர வருமானம் பெறலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கப்பாட்டின்படி, பல்கலைக்கழகமொன்று முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை தனது வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். பணத்துக்காக வெளியேறும் அவசியம் இதனால் குறையலாம் என எதிர்பார்ப்போர் உளர். எனினும், 2025இன் விருதாளரான டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் பிளாக், 18 வயதிலேயே அதே ஜூன் மாதத்தில் டல்லாஸ் அணியினால் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டு வெளியேறினார்.