கிரியேட்டினின் குறைந்தால் சந்தோஷப்படலாமா?

எனது வாப்பாவுக்கு வயது 74. சில வருடங்களாக சிறுநீரக நோயாளி. சென்ற வருடம் அவரது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் சற்றுக் குறைந்திருந்தது. வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து, சுபஹுக்கு வுழூ செய்ய எழும்பியவர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார்.

அல்லாஹ்வின் உதவியால் இடுப்பெலும்பு முறியவில்லை. கிளினிக்கில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப ஏலுமா?" வாப்பாவால் ஏலவில்லை.

அப்போதுதான் விடயம் விளங்கியது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் தேறினாலும் அது குறையும், தசை கரைந்தாலும் குறையும். வாப்பாவுக்கு நடந்தது இரண்டாவது. சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவியதையும் கால்கள் சூம்பியதையும் "வயசுதானே" என்று விட்டிருந்தோம்.

சிறுநீரகம் பழுதடையும்போது இரத்தத்தில் அமிலம் தேங்கி, தசையிலுள்ள புரதத்தை உடைக்கிறது. விட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதும் குறைகிறது. பசியும் இல்லை. இதற்கு மேல் எங்கள் பிழை வேறு. 'சிறுநீரக நோய்க்குப் புரதம் கூடாது' என்று யாரோ சொன்னதை நம்பி, மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம்.

புரதத்தை அளவோடு எடுக்க வேண்டுமே தவிர, அடியோடு நிறுத்தக் கூடாது. டயலிசிஸ் செய்யாத நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்கிறது 2024ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் இருக்கிறது. தசை கரைந்து தளர்ந்துபோன முதியவருக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். டயலிசிஸ் செய்பவருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டே தீர்மானியுங்கள், பக்கத்து வீட்டில் அல்ல.

விழுவதற்குத் தசை மட்டும் காரணமல்ல. பிரஷர் குளிசை எடுப்பவர் சடுதியாக எழும்பினால் தலை சுற்றும். டயலிசிஸ் முடிந்த அன்றும் அப்படித்தான். சீனி வியாதியும் சேர்ந்தால் பாதத்தில் உணர்வு குறையும். அப்படிப்பட்டவர் ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைக் குழாயடிக்குத் தூக்கிக் கழுவுகிறார். வுழூவை உட்கார்ந்து செய்யலாமே! நாங்கள் குளியலறையில் ஒரு ஸ்டூல் வைத்தோம், சுவரில் கைபிடி பூட்டினோம், இரவில் லைட்டை அணைப்பதில்லை.

வைத்தியர் சொன்னபடி வாப்பா இப்போது அஸருக்குப் பிறகு கதிரையில் உட்கார்ந்து எழும்பிப் பழகுகிறார். போன கிழமை கையை ஊன்றாமல் நான்கு தடவை எழும்பினார்.