தீ அணைந்த பிறகு யாரை அழைப்பது?

தீ அணைந்த மறுநாளே ஆள்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறிக்கூடமாகட்டும், ராஜபாளையத்தில் பஞ்சு குடோனாகட்டும், வில்லிபுத்தூரில் பலசரக்குக் கடையாகட்டும், ஈரச் சாம்பல் வாடை போவதற்குள் ஒருவர் வந்து நிற்பார். “இன்சூரன்ஸ் கம்பெனியில நமக்குப் பழக்கம் உண்டு அண்ணாச்சி. வர்றதுல இருபது பர்சென்ட் குடுத்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிடுறேன்” என்பார். சரக்கைப் பறிகொடுத்து, தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த நேரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவில் இப்படி ஒரு தொழிலே உண்டு. பாலிசிதாரர் பக்கம் நின்று சேதத்தைக் கணக்கிட்டு, கம்பெனியோடு பேசித் தொகை வாங்கித் தருபவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் உரிமம் தருகின்றன. கமிஷனுக்கும் பல மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு. புளோரிடாவில் சாதாரணச் சேதத்துக்கு 20 சதவீதம், அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடர் என்றால் முதல் ஓராண்டில் 10 சதவீதம். தவறு செய்தால் உரிமம் போகும். நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் எதுவும் இல்லை. ‘க்ளெய்ம் கன்சல்டன்ட்’ என்று அட்டை அடித்துக்கொண்டு யாரும் வரலாம். காரியம் கெட்டால் அவரை எங்கே போய்க் கேட்பது?

இன்னொருவரும் வருவார். அவர் சர்வேயர். தீ, வெள்ளம் போன்ற சொத்துச் சேதத்தில் இழப்பு ஒரு லட்சம் ரூபாயை எட்டினால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர் வந்து மதிப்பிட வேண்டும். அவரைக் கம்பெனிதான் நியமிக்கிறது, கட்டணத்தையும் அதுவே கொடுக்கிறது. அதற்காக அவரை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. நடுநிலையாக மதிப்பிடுவது அவருடைய கடமை. ஆனால் அவர் நம் ஆளும் அல்ல. உரிமத்தில் எந்தத் துறை என்று எழுதியிருக்கும். தீச்சேதத்தைப் பார்க்க வருபவருக்குத் தீப்பிரிவில் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கோரிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையம் 2024-ல் கெடு வைத்திருக்கிறது. காலம் நம் பக்கமும் ஓடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்தப் பதினைந்து நாளில் நாம் எடுத்துக் கொடுக்கிற கணக்குதான் அறிக்கையில் ஏறும்.

அதனால் முதலில் அழைக்க வேண்டியது சண்டை போடுகிறவரை அல்ல, எண்ணத் தெரிந்தவரை. நம் ஊர்த் தொழில்களுக்கு இது இன்னும் பொருந்தும். பஞ்சும் நூலும் துணியும் எரிந்தால் எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. எத்தனை பேல் இருந்தது என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்: கொள்முதல் பில், ஸ்டாக் புத்தகம், ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டக்கூடியவர் உங்கள் ஆடிட்டர். வங்கிக் கடன் வரம்புக்காக ஸ்டாக்கைக் கூட்டி எழுதும் வழக்கம் இருந்தால் அது இங்கேதான் வந்து இடிக்கும். வங்கித் தாளில் ஒரு கணக்கு, ஜிஎஸ்டியில் வேறு கணக்கு என்றால் சர்வேயர் எதை நம்புவார்? கட்டடமும் இயந்திரமும் சேதமானால் ஒரு சிவில் இன்ஜினியரும், இயந்திரம் விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆளும் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இவர்கள் செய்த வேலைக்குக் கூலி வாங்குகிறவர்கள். வருகிற பணத்தில் பங்கு கேட்பவர்கள் அல்ல. தரகு நிறுவனம் வழியாகப் பாலிசி எடுத்திருந்தால், கோரிக்கைக்குத் துணை நிற்பது அந்த நிறுவனத்தின் கடமையே. அதற்குத் தனியாக ஒருவருக்குப் பணம் கொடுக்கும் முன் அங்கே ஒரு போன் செய்யலாம்.

எந்த நிபுணராலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. குடோனில் 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்குத்தான் பாலிசி. 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால் கிடைப்பது 5 லட்சம்தான். பாதிக்குத்தான் காப்பீடு, ஆகவே சேதத்திலும் பாதி. 2021 ஏப்ரல் முதல் வந்திருக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ போன்ற சிறுதொழில் பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் இதே கணக்குதான். கமிஷன்காரர் இதை மட்டும் சொல்ல மாட்டார்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அஜ்மீர் சிங் காட்டன் அண்டு ஜெனரல் மில்ஸ் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன் என்று ரசீதில் கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடாது. வற்புறுத்தலோ மோசடியோ நடந்திருந்தால் மீதியைக் கேட்கலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது இன்சூரன்ஸ் கம்பெனி. வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியதாக அங்கே காட்ட முடியவில்லை. வந்த தொகை குறைவு என்று தோன்றினால், அந்த எதிர்ப்பை அன்றைக்கே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதிவிட வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். அதுவே இறுதி வார்த்தை அல்ல என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை மறுக்க உங்கள் கையில் வேறு கணக்கு வேண்டும். ஆடிட்டரும் இன்ஜினியரும் முதல் வாரத்தில் எழுதிய தாள்தான் அந்தக் கணக்கு.

இதற்குப் பிறகும் தகராறு என்றால்தான் வக்கீல். அதிலும் எல்லா இடத்துக்கும் வக்கீல் வேண்டாம். தனிநபர்களும், ஒரே உரிமையாளர் நடத்தும் தொழில்களும், குறுந்தொழில்களும் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் 50 லட்சம் ரூபாய் வரை முறையிடலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கட்டணம் கிடையாது; வக்கீல், ஏஜென்ட் வழியாகப் புகார் கொடுக்கவும் முடியாது. ஆகவே ‘ஆம்புட்ஸ்மேன் கேஸை நடத்தித் தருகிறேன்’ என்று கமிஷன் கேட்பவரை அப்போதே வாசலோடு அனுப்பிவிடலாம்.

நுகர்வோர் ஆணையம் அடுத்த வழி. விருதுநகர் மாவட்ட ஆணையம் வில்லிபுத்தூரில் இருப்பதால் ராஜபாளையத்துக்காரருக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மில்லும் கம்பெனியும் நுகர்வோர் ஆகுமா என்ற சந்தேகத்தை ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: இழப்பை ஈடுகட்ட எடுக்கும் பாலிசி லாபத்துக்கு வாங்கும் சரக்கு அல்ல, தொழில் நிறுவனமும் போகலாம். 2019 சட்டப்படி எந்த ஆணையத்துக்குப் போவது என்பது கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து முடிவாகிறது. பிரீமியம் 50 லட்சத்துக்குள் இருந்தால், கோடி ரூபாய்ச் சேதமானாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கெடு இரண்டு ஆண்டு. இங்கே நாமே வாதாடலாம் என்றாலும், தொகை பெரிதானால் காப்பீட்டு வழக்கு நடத்திப் பழகிய வக்கீலை வைத்துக்கொள்வதே நல்லது. ஜெயிக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. முதல் சந்திப்பிலேயே சதவீதம் பேசுகிறவரிடம் ஃபைலைக் கொடுக்காமல், இன்ன வேலைக்கு இன்ன கட்டணம் என்று சொல்கிற ஒருவரைத் தேடுங்கள்.