தூரத்து வாத்தியாரும் பழவேற்காட்டு மீனவரும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு வரும். உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் தேசத்தில் பெரியது இதுதான். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 2004-ம் வருஷம் செப்டம்பர் 20-ம் தேதி அங்கிருந்து கிளம்பிய ராக்கெட், விசித்திரமான ஒரு பிரயாணியைச் சுமந்து சென்றது. அதன் பெயர் எடுசாட். பாடம் நடத்துவதற்கென்றே நம்மவர் செய்த முதல் செயற்கைக்கோள் அது. 1,950 கிலோ எடையுள்ள வாத்தியார் என்று சொன்னாலும் தவறில்லை!

ராக்கெட் ஏவும் நாளில் இக்கரைக் குப்பத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றிவிட்டு அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அவர்களுக்குத் தொலைவிலிருந்து ஒன்றைக் கற்பிக்க வேண்டுமானால் எந்த வழி தக்கது? வானொலியா, திரையா, கைப்பேசியா? தொழிலாளர்களை ஓரிடத்தில் கூட்டாமலே பயிற்சி கொடுக்கும் வழக்கம் ஆலைகளிலும் ஆபீசுகளிலும் பெருகிவிட்ட இந்நாளில், இக்கேள்விக்குரிய விடை எல்லோருக்கும் உபயோகப்படும்.

கை கற்பதும் காது கற்பதும்

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நீரோட்டம் எப்படிப் போகிறது, இறால் எந்தப் பக்கம் ஏறி வரும் என்பதையெல்லாம் மகன் தகப்பனோடு படகில் போய்த்தான் கற்கிறான். கை பழக வேண்டிய வித்தையை எந்தத் திரையும் கற்பித்துவிடாது.

ஆனால் புயல் எச்சரிக்கைக்கு என்ன பொருள், அலை எவ்வளவு உயரம் எழும், மீன் கூட்டம் எந்தத் திசையில் இருக்கலாம் என்பவை வேறு ஜாதி விஷயங்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் இவற்றைத் தினந்தோறும் கணித்துச் சொல்லுகிறது. இவை காது வழியே கற்கத் தக்கவை. ஆகவே கற்பிக்கும் விஷயம் கையைச் சேர்ந்ததா, காதைச் சேர்ந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரேடியோ நெல்

காதுக்கு உகந்தது வானொலி. 1960-களில் தஞ்சை ஜில்லா விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அதைப் பற்றி அவர்கள் கற்றதெல்லாம் வானொலியில்தான்! எழுத்தறியாதவரும் கேட்கலாம், வேலை செய்துகொண்டே கேட்கலாம். பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி மீனவருக்காகவே ஏற்பட்டது. வலையைச் செப்பனிடும் மனிதனிடம் புத்தகத்தைக் கொடுத்தால் வேலை நின்றுவிடும். காதில் சொன்னால் நிற்காது.

ஊரைக் காத்த ஒலிபெருக்கி

புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில், சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் டெலிபோனில் ஆபத்தைத் தெரிவித்தார். உடனே மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. சுனாமி வருமுன் ஜனங்கள் ஓடி, ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினார்கள். கருவி அற்பமானதுதான், ஆனால் ஊருக்குப் பழக்கமானது. பழகிய குரல் சொன்னதால்தான் தயங்காமல் ஓடினார்கள்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கப் போனவர்களுக்குக் கைப்பேசிச் செய்தி எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. கரையில் எத்தனை நயமாக வேலை செய்தாலும், ஆள் இருக்கும் இடத்தை எட்டாத முறையால் என்ன பிரயோஜனம்?

அதன்பின் 2019-ல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையை ஆழ்கடலுக்கு அனுப்பும் ‘ஜெமினி’ கருவி வந்தது. ஆனால் அதில் கேட்கத்தான் முடியும். திரும்பப் பேச முடியாது. எச்சரிக்கைக்கு அது போதும். பாடத்துக்குப் போதாது. சந்தேகம் கேட்க வழியில்லாத பள்ளிக்கூடம் பாதிப் பள்ளிக்கூடம்தான்!

மூன்று கேள்விகள்

ஆகவே, தொலைப்பயிற்சிக்கு வழி தேடுபவர் கருவியின் விலையை விசாரிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும். கற்கப்போவது கையா, காதா? கற்பவர் எந்த வேளையில் எங்கே இருப்பார்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்?

எடுசாட் 2010-ல் ஓய்வு பெற்றுவிட்டது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த நாட்களில் பழவேற்காட்டுப் படகுகள் கரையில் கிடக்கும்; மீனவர்களும் ஊரில் இருப்பார்கள். பயிற்சி கொடுக்க அதைவிட நல்ல வேளை எது?