நாடியலையும் ஆளறிதலும்: மணிக்கட்டுத் திறன்கருவிகளில் பயனர் உறுதிப்பாடு

விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்தில் பீங்கான் தொழில் செய்வோர்க்குக் களிமண் பிசைவதும் வார்ப்புகளைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் அன்றாடப் பணிகள். இத்தகைய உழைப்பில் விரல்நுனி வரிகள் தேய்கின்றன. தமிழக நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபர் முதல் கைரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தபின், தேய்ந்த விரல் அரிசி பெறும் உரிமையையே தொடும் சிக்கலாயிற்று. விரலுக்கு மாற்றாக மணிக்கட்டைக் கொண்டு ஆளை அறிய இயலுமா என்னும் வினா இதனால் பொருளுடையதாகிறது.

திறன்கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. குருதி அவ்வொளியை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பின்போதும் திரும்பிவரும் ஒளியின் அளவு மாறுகிறது. இவ்வாறு பதிவாகும் அலையின் ஏற்றமும், இறக்கத்தில் தோன்றும் சிறு பள்ளமும் தமனியின் இறுக்கம், வயது, இதய இயக்கம் ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்காள் வேறுபடுகின்றன. இதயத்தின் மின்னலையைக் கொண்டு ஆளை அடையாளங்காணும் முறையைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்தனர். கனடாவின் பயோனிம் நிறுவனம் 2013இல் அறிவித்த நைமி கைப்பட்டை இம்முறையையே பின்பற்றியது.

எனினும் சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் எனக் கணிப்பது நாடியின் நிலையையே. ஆளின் பெயரை அன்று. நிலை மாறுவது நாடியின் இயல்பு. அடையாளத்திற்கு வேண்டுவதோ மாறாமை. மண் பிசையும் கையில் அசைவே அலையைக் குலைத்துவிடும். கருநிறத் தோல் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் குறிகை வலுவிழப்பதும் உண்டு. ஆக, விரல் தோற்ற இடத்தில் மணிக்கட்டு வென்றுவிடும் என எளிதில் கூறவியலாது.

சந்தைக் கருவிகள் எளிய வழியைத் தேர்ந்தன. ஆப்பிள் கடிகாரம் கடவெண்ணை ஒருமுறை கேட்டுத் திறக்கிறது; கையிலிருந்து கழற்றியதும் பூட்டிக்கொள்கிறது. கடிகாரம் கழற்றப்பட்டதா என்பதையே அது அறிகிறது. அணிந்தவர் யார் என்பதை அன்று. ஓசூரில் ஆலையுடைய டைட்டன், பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்து 2020இல் வெளியிட்ட பணம் செலுத்தும் கடிகாரம் இன்னும் எளியது. வாரில் பதித்த சில்லு அப்போது 2000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றியே பணம் செலுத்தியது. 2021 சனவரியில் இவ்வரம்பு 5000 ரூபாயாக உயர்ந்தது. இங்கே ஆளைச் சரிபார்ப்பதற்கு மாறாக இழப்பின் அளவே வரையறுக்கப்படுகிறது. சிறுதொகைக்கு இது நேர்மையான தீர்வே.

களவுபோன கடவெண்ணை மாற்றலாம், நாடியலையை மாற்றவியலாது. மேலும், கைரேகை நோயைச் சொல்வதில்லை. நாடியலையோ ஒழுங்கற்ற துடிப்பையும் தமனி இறுக்கத்தையும் சேர்த்தே காட்டும். வருகைப்பதிவுக்கென ஒரு தொழிற்கூடம் இதனைத் திரட்டினால், தொழிலாளரின் உடல்நலக் குறிப்பும் முதலாளியின் கைக்குச் செல்லும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுக்கெனத் தனிவகை எதனையும் வகுக்கவில்லை.