தளம் தளமாகத் தேட வேண்டாம்
விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முடிஞ்ச பிறகுதான் அறிவிப்பு உங்கள் கண்ணில் படுகிறதா? தினமும் பத்து இணையதளங்களைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கு! 1999 முதலே இதற்கு ஒரு வழி உண்டு: ஆர்.எஸ்.எஸ். எனும் செய்தியோடை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி, இரண்டு வளைகோடுகள், அதுதான் சின்னம். ரிசர்வ் வங்கி, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஆகியவற்றின் தளங்களில் இந்த வசதி உண்டு. ஓடையின் முகவரியை நகலெடுத்து, ஃபீட்லி, தண்டர்பேர்டு போன்ற ஒரு செயலியில் ஒருமுறை சேருங்கள். செயலியே அவ்வப்போது போய்ப் பார்த்து, புதுசா வந்தவற்றின் தலைப்பையும் இணைப்பையும் காட்டும். அந்தத் தளத்துக்கு உங்கள் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, வேண்டாம்னா நீக்கிவிடலாம். எல்லாத் தளங்களிலும் ஓடை கிடையாது என்பதுதான் குறை. அவற்றை மட்டும் வாரம் ஒருமுறை நேரில் திறந்து பாருங்கள்.