உப்பும் சர்க்கரையும் கொண்டு உயிர் காத்த குழந்தை மருத்துவர்

குழந்தை வளர்த்த எவருக்கும் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் தெரிந்திருக்கும். தமிழகத்தில் 'எலெக்ட்ரால்' என்றும் இலங்கையில் 'ஜீவனி' என்றும் கேட்டு வாங்குகிறோம். விலை மலிவான பொடி என்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. அது ஊசியும் பாட்டிலும் இல்லாமலே உயிர் காக்கும் என்பதை ஒரு பெரும் கொள்ளைநோயின் நடுவே நிரூபித்தவர் கொல்கத்தாவின் குழந்தைகள் நல மருத்துவர் திலீப் மஹலனாபிஸ்.

1934-இல் இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர் இவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஊர் திரும்பி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த ஆய்வு மையத்தில் சேர்ந்தார்.

போங்கான் முகாம், 1971

வங்கதேச விடுதலைப் போரின்போது சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊரான போங்கானில் காலரா பரவியது. ஜூன் மாத இறுதியில் மஹலனாபிஸ் அங்கு சென்றபோது மருத்துவமனையில் கட்டில்கள் நிரம்பி, நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். கழிவுக்கு நடுவே மண்டியிட்டுத்தான் அவர் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அந்நாளில் காலராவுக்கு உரிய சிகிச்சை நரம்பு வழியே சலைன் ஏற்றுவது. கையிருப்பு விரைவில் தீரும் நிலை. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் பற்றி டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஏற்கெனவே ஆய்வுகள் நடந்திருந்தன. ஆனால் அவை மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாயிடம் இதை ஒப்படைக்கலாமா என்று மருத்துவ உலகம் தயங்கியது. மஹலனாபிஸ் ஒப்படைத்தார்.

ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதுதான் அவருடைய மருந்து. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் பொடியை அளந்து பொட்டலம் கட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாய்மாரும் உறவினரும் குவளையில் பிடித்துத் தம் நோயாளிக்குப் புகட்டினார்கள்.

முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த காலம் அது. கரைசல் கொடுக்கப்பட்ட 3,700-க்கும் மேற்பட்டோரில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. 1973-இல் இந்த முடிவுகள் வெளியாயின. 1978-இல் உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக்கு எதிரான உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியபோது இந்த முறையே அதன் அடிப்படை ஆயிற்று.

இது எப்படி வேலை செய்கிறது?

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது உடல் நீரும் உப்பும் வற்றிப்போவதே. வெறும் நீர் மட்டும் கொடுத்தால் இழந்த உப்பு ஈடாகாது. ஆனால் குடலில் குளுக்கோஸ் உட்செல்லும்போது சோடியத்தையும் கூடவே அழைத்துச் செல்கிறது. அவற்றின் பின்னே நீரும் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. அதனால்தான் அளவு முக்கியம். சர்க்கரை மிகுந்தால் போக்கு அதிகமாகும். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து.

பெற்றோர் கவனத்திற்கு

• பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு சுத்தமான நீரில் முழுப் பொடியையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.
• பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.
• குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம்.
• சோடா பானங்களும் பழச்சாறும் இதற்கு ஈடாகா.
• மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், சிறுநீர் வராமை, அதிக மயக்கம், எதையும் குடிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கைக்குழந்தை என்றால் தொடக்கத்திலேயே மருத்துவரைக் கேளுங்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். சர்க்கரை மிகுந்த பானங்கள் சில இந்தியாவில் ஓ.ஆர்.எஸ் என்ற பெயரிலேயே விற்கப்பட்டு வந்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயரிடுவதைத் தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பொட்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

மஹலனாபிஸ் பின்னாளில் ஆப்கானிஸ்தான், எகிப்து, யேமன் நாடுகளிலும் பணியாற்றினார். கொல்கத்தாவில் உள்ள குழந்தைகள் நல நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கினார். 2022 அக்டோபர் 16 அன்று, 87-ஆம் வயதில் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023-இல், அவர் மறைந்த பிறகே வந்தது. அவர் கண்டுகொண்ட உண்மை எளியது: பிள்ளையைக் காக்கும் திறன் தாயிடமே உண்டு, சரியான பொருளைச் சரியான அளவில் அவள் கையில் கொடுத்தால் போதும். அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது நான்கு பொட்டலங்களை மறவாமல் எடுத்து வையுங்கள்.