பக்கவாதமும் ஸ்டெம் செல்லும்

மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. அந்த இடத்தில் புதிய அணுக்களை ஊன்ற முடியுமா?

2010இல் கிளாஸ்கோவில் மருத்துவர் கீத் முயர் குழுவினர் இதற்குத் துணிந்தார்கள். பக்கவாதம் வந்து மாதங்கள், ஆண்டுகள் கடந்த, அறுபதோ அதற்கு மேலோ வயதான 11 ஆண்களின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நரம்புக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) மூளைக்குள் செலுத்தினார்கள். செலுத்திய அணுக்களால் தீங்கில்லை. சிலருக்குக் கைகால் அசைவு சற்றுத் தேறியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர் கேரி ஸ்டீன்பெர்க் குழுவினர், கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த அணுக்களை 18 பேரின் மூளையில் வைத்தார்கள். அங்கும் முன்னேற்றம் தெரிந்தது.

விலங்குச் சோதனைகளில் ஒரு விந்தை: மஜ்ஜை அணுக்கள் மூளையில் நெடுநாள் தங்குவதில்லை. அவை நரம்பணுக்களாக மாறுவதும் இல்லை. இருக்கும்வரை வளர்ச்சிப் புரதங்களைச் சுரந்து, அழற்சியைத் தணித்து, உயிர்தப்பிய நரம்பணுக்கள் புது இணைப்புகள் போடத் தூண்டுகின்றன என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது ஸ்டெம் செல் கதையிலேயே மிக அழகான பகுதி.

ஆனால் முயர், ஸ்டீன்பெர்க் ஆய்வுகள் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பிசியோதெரபியும் புது நம்பிக்கையும்கூட ஒருவரைத் தேற்றும். ஸ்டீன்பெர்க் பயன்படுத்திய அதே அணுக்களைப் போலி அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 163 பேர் ஆய்வில், 2019இல் வெளியான முடிவு: வேறுபாடு இல்லை. டெல்லி எய்ம்ஸின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில், நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்களை ரத்தநாளம் வழியே ஏற்றி 120 பேரிடம் நடந்த ஆய்வும் 2014இல் அதையே சொன்னது: பாதுகாப்பானது, பலனில்லை.

பாதுகாப்பும் எங்கும் உறுதியல்ல. சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று பணம் கட்டி ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டுவந்த ஒருவரின் முதுகுத்தண்டில் பிறருடைய அணுக்களாலான கட்டி வளர்ந்ததை 2016இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது.

ஆய்வுகள் தொடர வேண்டும், தொடர்கின்றன. ஆனால் இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதிகள் பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். லட்சக்கணக்கில் கேட்டு யாராவது அழைத்தால், மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அவர்களுடைய பதிவெண் என்ன என்று கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள்.